சமையல்காரர் கல்யாணத்தை நிறுத்தலாமா?

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். காபி ஆறுவதற்குள் பழைய சண்டை ஆரம்பமாகிவிட்டது. "சிமுலேட்டர் ஒரு தனி ப்ரோக்ராம். தனியாக ஓட்டிக்கொள். எதற்கு இன்னொரு சாஃப்ட்வேருக்குள் நுழைக்கிறாய்?" இது அவர் கட்சி. நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ப்ராசஸர் சிப்பைத் தயாரிப்பதற்கு முன், அது எப்படி வேலை செய்யும் என்று கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்க்கும் ப்ரோக்ராம்தான் சிமுலேட்டர். சிப் விற்ற பிறகு தப்பு தெரிந்தால் என்ன ஆகும்? 1994-ல் பென்டியம் சிப் வகுத்தல் கணக்கில் தப்பு செய்தது. இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு.

எங்கள் சோதனை ப்ரோக்ராம் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். அதற்குள் ஒரு சிமுலேட்டரை இணைத்திருந்தோம். நடுராத்திரி அதற்குப் புரியாத ஒரு கட்டளை வந்தது. 'தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் எக்ஸிட் ஆகிவிட்டது! கூடவே எங்கள் ப்ரோக்ராமும் போயிற்று, அதுவரை சேர்ந்திருந்த முடிவுகளும் போயிற்று. ரசம் கெட்டுவிட்டால் சமையல்காரர் வந்து சொல்ல வேண்டும். கல்யாணத்தையே நிறுத்தலாமா?

இன்னொரு கூத்து. எல்லா விவரத்தையும் குளோபல் வேரியபிளில் வைத்திருந்தார்கள். அதனால் ஒரே ப்ரோக்ராமுக்குள் இரண்டு ப்ராசஸரை ஓட்டவே முடியாது.

"தனியாக ஓட்டி, ஃபைல் வழியாகப் பேசிக்கொள்ளேன்" என்றார் நண்பர். ஐயா, புது டிசைன் செய்வதையும் சிமுலேட்டர் செய்வதையும் கட்டளைக்குக் கட்டளை ஒப்பிட வேண்டும். லட்சக்கணக்கான கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டு வர முடியுமா?

உலகம் என் பக்கம்தான் வந்திருக்கிறது. ஐபெக்ஸ் என்ற ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரைச் சோதிப்பவர்கள், ஸ்பைக் சிமுலேட்டரை லைப்ரரியாக உள்ளே வைத்துத்தான் இப்படி ஒப்பிடுகிறார்கள். க்யூஇஎம்யு-வின் சிபியு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து 2015-ல் யூனிகார்ன் என்ற லைப்ரரி வந்தது. தனக்கென்று பைத்தானை வைத்துக்கொண்டு ராஜாவாக ஓடும் ஜெம்-5 கூட, சிஸ்டம்-சி ப்ரோக்ராம்களோடு சேர்வதற்காக லைப்ரரியாக பில்ட் ஆகிறது.

லைப்ரரியாக எழுதுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஃபங்ஷனை நினைத்தபடி மாற்ற முடியாது, மாற்றினால் உபயோகிப்பவன் திட்டுவான். திட்டட்டும். யாரும் உபயோகிக்காத ப்ரோக்ராமை யார் திட்டப் போகிறார்கள்?

சிமுலேட்டர் எழுதும் பிள்ளைகளுக்கு மூன்றே வேண்டுகோள். தப்பு நடந்தால் சொல்லுங்கள், எக்ஸிட் ஆகாதீர்கள். ஒன்றுக்கு மேல் ஓட இடம் கொடுங்கள். 'ஒரு அடி போ' என்றால் ஒரே ஒரு அடி போய் நில்லுங்கள்.

நண்பர் கிளம்பும்போது, "நீ மாறவே மாட்டாய்" என்றார். இந்த விஷயத்தில் மாறுவதாக இல்லை.