கத்திக்குப் பெருமை, கைக்குச் சிறுமையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில், இரும்பு கிடைத்த மண்ணடுக்கு கி.மு. 2172 காலத்தது என்று 2022-ஆம் ஆண்டு சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. கேட்டோம், களித்தோம், மாணவர்க்கும் எடுத்துரைத்து மகிழ்ந்தோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இரும்பை வாளாக ஏந்தியவனுக்குப் பரணி; ஏராக ஏந்தியவனுக்குப் பொங்கல்; மழிப்புக் கத்தியாக ஏந்தியவனுக்கு மட்டும் ஏன் வசை?

நைல் ஆற்றங்கரையைப் பாருங்கள். தீபசு நகரில் ஹத்நோஃபர் என்னும் மூதாட்டியின் கல்லறையை 1936-இல் திறந்தனர். மறுமைக்கென உடன் வைத்த பொருள்களிடையே வெண்கல மழிப்புக் கத்திகள் இருந்தன! சக்காராவில் 1964-இல் வேறொரு கல்லறை வெளிப்பட்டது. அதற்குரியோர் நியாங்க்கனும், கனும்ஹோதெப் என்னும் இருவர். மன்னர் மரபினரோ? அல்லர்! அரண்மனையில் நகம் திருத்துவோரின் மேற்பார்வையாளர்கள்!

எகிப்து குறையற்ற பொன்னுலகமென்று கூறோம். மாலைவரை தெருத்தெருவாய் அலையும் நாவிதனை எள்ளிய ஏடு அங்கும் உண்டு. ஆயினும் நகம் திருத்தும் தொழில், வண்ணச் சிற்பக் கல்லறைக்குத் தடையாகவில்லை.

இங்கே? முடி மழித்தவன் அவன். மருந்து அரைத்தவன் அவன். புண் அறுத்து ஆற்றியவன் அவன். அவன் இல்லத்து மூதாட்டி பிள்ளைப்பேறு பார்த்தாள். மருத்துவர் என்னும் பெயர் அச்சமூகத்துக்கு வாய்த்தது அதனாலன்றோ! குழந்தையை ஏந்தும்வரை அவள் கை தூயது. ஏந்தித் தந்தபின் அதே கை தீட்டு! என்னே நேர்மை!

இழிவு அத்துடன் நின்றதா? சில சிற்றூர்களில் முடிதிருத்தும் நாற்காலியே சாதி கேட்கிறது. ஒடுக்கப்பட்ட தோழன் தன் ஊரில் அமர இடமின்றி நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறான். மறுப்பவர் கத்தி பிடித்தவர்தாமா? "அவனுக்கு வெட்டினால் ஊரில் கடை இராது" என்று பின்னின்று மிரட்டும் ஆதிக்கத்தை யார் கேட்பது? அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமையின் பேரால் பணி மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஏட்டில் ஏறிய சட்டம் நாட்டில் இறங்க வேண்டாமா?

ஓசூர்த் தொழிற்கூடங்களில் உலோகத்தை நுட்பமாய்க் கடைபவருக்குத் தொழில்நுட்பர் என்று மதிப்பு. உயிருள்ள தோலின்மேல் உலோகத்தை ஒரு கீறலின்றி ஓட்டுபவருக்கோ, "ஏய்" என்ற அழைப்பு!

தோழர்களே! முடிதிருத்தும் தோழரை "வாங்க, ஐயா" என அழைப்போம். அவர் நாற்காலி எல்லோருக்கும் பொதுவாகும்வரை அவர் பக்கம் நிற்போம். மயிலாடும்பாறை இரும்பில் துரு ஏற்றியது மண். நம் மனத்தில் துரு ஏற்றியது சாதி. தீட்டுங்கள் அறிவை, துடையுங்கள் துருவை!