கழுத்து நிற்காத பிள்ளை

நாடுகாணியிலிருந்து ஒரு சாலை நிலம்பூரை நோக்கி மலையிறங்குகிறது; மற்றொன்றில் கூடலூரைத் தாண்டி, நடுவட்டத்து வளைவுகளில் ஏறி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தால்தான் ஜில்லாத் தலைநகரமான உதகையை அடையலாம். 1964ஆம் வருஷத்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையினின்றும் வந்தவர்களின் சந்ததியார் வாழும் இப்பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களிலும், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலும், நாலைந்து மாதமாகியும் கழுத்து நிற்காத சிசுவைப் பற்றிப் பெரியவர்கள் கூறும் சமாதானம் ஒன்றே: “சில பிள்ளைக்கு லேட்டாத்தான் நிக்கும்.” வைத்தியர்கள் பலரும் இதையே சற்று நாகரிகமான பாஷையில் சொல்லி அனுப்பி வந்தார்களாதலால், பாட்டிமாரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

இப்படிக் கழுத்து நிற்காமைக்குக் காரணமாகக்கூடிய மூளை முடக்குவாதத்தைக் கஷ்டப் பிரசவத்தோடு சம்பந்தப்படுத்தி, 1862இல் லண்டன் வைத்தியர் வில்லியம் லிட்டில் விவரித்தார். அந்தக் கஷ்டப் பிரசவமே கர்ப்பத்தில் நேர்ந்த கோளாறின் விளைவாக இருக்கலாமே என்று, பிற்பாடு வேறொரு சாஸ்திரத்தில் புகழெய்திய பிராய்டு 1897இல் ஆட்சேபித்தார். வாதம் எப்படியிருப்பினும், மூளையில் பட்ட காயம் வளர்வதில்லை. வளர்வதெல்லாம் தசை குறுகுவதும், இடுப்பு மூட்டு நழுவுவதும், உபயோகிக்காத கையை மூளை மறந்துவிடுவதுமே.

முன்பெல்லாம் 12 முதல் 24 மாதம் வரை காத்திருந்துதான் நோயின் பெயரைச் சொல்வார்கள். 2017இல் அயோனா நோவக் முதலிய பன்னாட்டு நிபுணர்கள் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, ஆறு மாதத்திற்கு முன்பே பெரும்பாலும் கண்டறியலாம் என்று நிறுவினர். எம்.ஆர்.ஐ. படம் இதற்குப் பெரிதும் உதவுவதே; ஆயினும் சிசுவின் அசைவுகளைக் கவனித்து அறியப் பிரெக்ட்ல் வகுத்த முறைக்கு வேண்டியது மல்லாந்து கிடக்கும் சிசுவின் சில நிமிஷ வீடியோவும் பயின்ற கண்ணும்தான்; சிசுவின் நரம்புச் செயல்பாட்டை ஆராயும் ஹாமர்ஸ்மித் பரிசோதனைக்கு வேண்டியவை வைத்தியரின் கைகள். எனவே மலையைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப் போட இயலாது.

சிகிச்சையிலும் சான்று நம் பழக்கத்திற்கு மாறாகவே பேசுகிறது. வாரம் ஒரு நாள் நிபுணர் பிள்ளையின் கைகால்களைப் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, பிள்ளை தானே எட்டிப் பிடிக்கவும் புரளவும் முயலும்படி, அதன் வீட்டிலேயே, தினந்தோறும் பலமுறை பழக்குவதே பலன் தருகிறது. ஆயினும் அயல்நாட்டுச் சான்று யாவும் நமக்குப் பொருந்திவிடும் என்பதற்கில்லை: மூச்சுத் திணறிப் பிறந்த சிசுவின் உடலை மூன்று நாள் குளிர்விக்கும் முறை மேல்நாடுகளில் நன்மை செய்ததே; ஆனால் அதை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 சிசுக்களிடம் சோதித்தபோது, குளிர்விக்கப்பட்டவர்களிடையே மரணம் அதிகமாயிற்று என்பது 2021இல் வெளிவந்தது.

‘வீட்டிலேயே’ என்ற சொல்லில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் என்றால் தாய். தாய் என்றால் இங்கே விடியற்காலம் கொழுந்து பறிக்கப் போய், எடை போட்டுத் திரும்புகிறவள். சான்றின் பெயரால் முழுப் பாரத்தையும் அவள் முதுகுக் கூடையில் சேர்த்துக் கட்டுவது விஞ்ஞானமாகாது. தென்காசியருகே ஆய்க்குடியில், 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, நிபுணர்கள் அவர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. கூடலூரில் 1990இல் தோன்றிய அஸ்வினி என்னும் சுகாதார அமைப்போ, ஆதிவாசிகளையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து, இம்மலையில் அது சாத்தியமே என்பதை நெடுங்காலமாகக் காட்டி வருகிறது.

அரசிடமும் உபாயம் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர், பக்கவாதம் வந்த பெரியவரைத் தேடி வீட்டுக்கு வருகிறார். அடுத்த வீட்டுச் சிசுவையும் பார்க்க அவருக்குத் தனிப்பயிற்சி அளிக்கலாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையோ, ஊனம் நிச்சயமாகி, சதவீதம் எழுதிய சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கிடைக்கிறது. சிகிச்சை மிக அதிகமாகப் பலிக்கும் முதல் வருஷத்தில், சந்தேகம் மட்டுமே இருக்கும் காலத்தில், தாய் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருக்கும் நாளுக்கு ஒருவரும் கூலிக்கான பேர் போடுவதில்லை.