பிழை போனில் இல்லை

வெள்ள அபாய வரைபடம் திறக்காமல் இறுகினால், "உங்கட போன் பழசு" என்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கமாட்டோம். வாசலில் தண்ணீர் ஏறும் நேரத்தில் ரீலோட் போட்டுப் போட்டு சனம் டேட்டாவைத்தான் இழந்தது.

இலங்கையில் கிராம சேவகர் பிரிவுகள் 14 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை எல்லைகளையும், ஒரு வளைவும் விடாமல், எஸ்விஜியாக ஒரேயடியாகக் கொட்டினால் எந்த போன் தாங்கும்? விரல் நகரும்போதெல்லாம் பிரவுசர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். வெக்டர் டைல் என்றால் திரையில் தெரியும் துண்டு மட்டும் வரும். முழு நாட்டையும் பார்க்கிறவருக்கு 25 மாவட்டக் கோடுகள் போதும், குளக்கட்டின் நெளிவு எதற்கு? கீறுகிற வேலையை வெப்ஜிஎல் மூலம் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கலாம். இதற்கான மேப்லிப்ரே இலவசம். பிறகென்ன சாட்டு? அடுத்த மாரிக்கு முதல் திருத்தித் தாருங்கள்.