லக் மாற்றினால் குடி முழுகிவிடாது

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் ஒரு ஸ்னேர் டிரம்மைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். ரோஜர்ஸ் டைனா-சோனிக். 1960களின் தொடக்கத்தில் செய்தது. பித்தளை ஷெல், அதன்மேல் குரோம் பூச்சு, 14 அங்குல வாய், 5 அங்குல உயரம். இரண்டு கோடை விடுமுறை முழுக்க வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறான். பத்து லக்குகளில் மூன்று விரிந்திருந்தன. ஒன்றில் விரிசல் நகம் நுழையும் அளவுக்கு.

“சரி பண்ணிடலாம்டா. சனிக்கிழமை வா” என்றேன்.

அவன் முகம் மாறியது. “இல்ல பெரியப்பா. கடைக்காரர் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டார். ஒரு லக்கை மாத்தினாக்கூட அது ஒரிஜினல் இல்லையாம். பாதி விலை போயிடுமாம்.”

“விரிசல் விட்ட லக்கை வெச்சுட்டு எப்படி வாசிப்ப?”

“வாசிக்க வேண்டாமாம். தோலை லூஸாக்கி அலமாரியில வைக்கச் சொன்னார்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தொன்பது வயசுப் பையன், விரல் துடிக்கிற வயசு, வியர்வை சிந்திச் சம்பாதித்து வாங்கிய வாத்தியத்தை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். இந்தப் பேச்சை நான் கேட்பது இது முதல் முறை அல்ல. முப்பது வருஷமாகக் கேட்கிறேன். பழைய டிரம் என்றால் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது, மாறினால் டிரம்மின் உயிரே போய்விடும் என்ற இந்த நம்பிக்கை டிரம் வாசிப்பவர்களிடையே ஒரு மதம்போலப் பரவிவிட்டது.

அந்த மூன்று லக்குகளின் கதையைச் சொல்கிறேன். இந்த மதத்தைத் தகர்க்க அந்த ஒரு கதை போதும்.

லக் என்பது டிரம்மின் உடம்பில் உள்பக்கத்திலிருந்து திருகாணி போட்டுப் பிடித்திருக்கும் சின்ன உலோகக் கூடு. தோலின் விளிம்பை வளையம் அழுத்துகிறது. வளையத்தை நீளத் திருகுகள் இழுக்கின்றன. அந்தத் திருகுகள் வந்து இறங்கும் இடம் லக். டைனா-சோனிக்கில் ஒரே லக்தான் மேல் தோலையும் கீழ்த் தோலையும் பிடிக்கிறது. பத்து லக், இருபது திருகு. இருபது பக்கத்து இழுப்பையும் அந்தப் பத்துக் கூடுகள்தாம் இரவும் பகலும் தாங்குகின்றன.

என் தம்பி மகனின் டிரம்மில் இருப்பது டிரம்காரர்கள் ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்று அழைக்கும் லக். மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, இழுத்து, கிண்ணம்போல் ஆக்கியது. பார்க்க அழகு, எடை குறைவு. ஆனால் அப்படி இழுக்கும்போது மூலைகளில் தகடு மெலிந்துவிடும். போதாததற்கு, அழுத்திய அழுத்தம் பித்தளைக்கு உள்ளேயே இறுக்கமாகத் தங்கிவிடும். பித்தளையின் இந்தக் குணம் உலகத்துக்குத் தெரிய வந்த இடமே நம் நாடுதான். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. மழைப் பருவத்தில் வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெரிந்த பிறகு, உறைகளைப் பதமாகச் சூடுபடுத்தி உள்ளிறுக்கத்தைப் போக்கினார்கள். விரிந்த உறையை அசல் என்று சொல்லி எவரும் துப்பாக்கியில் போடவில்லை.

ரோஜர்ஸ் கம்பெனி என்ன செய்தது? இங்கேதான் நான் ஒவ்வொரு டிரம்காரரின் சட்டையையும் பிடித்து உலுக்க விரும்புகிறேன். அந்தக் கம்பெனியே அந்த லக்கைத் தூக்கிப் போட்டுவிட்டது! 1960களின் நடுவில், மூலை விரிகிறது என்று தெரிந்து, அந்த லக்கை நிறுத்திவிட்டு பீவர்டெயில் என்ற வேறு லக்கைக் கொண்டு வந்தது. செய்தவனே தப்பு என்று ஒப்புக்கொண்டு மாற்றிய பாகத்தைத்தான், அறுபது வருஷம் கழித்து ஒரு கடைக்காரர், தொட்டால் தீட்டு என்கிறார்.

நான் குடியிருக்கும் இந்த கிளீவ்லேண்ட் ரோஜர்ஸுக்கு அந்நியமான ஊர் அல்ல. 1953-ல் அந்தக் கம்பெனியை வாங்கிய ஹென்றி கிராஸ்மன் கிளீவ்லேண்டில் இசைக்கருவி வியாபாரம் செய்தவர். தொழிற்சாலை இதே ஒஹாயோ மாநிலத்தில் கவிங்டன் என்ற சிற்றூரில் இருந்தது. 1966-ல் சிபிஎஸ் நிறுவனம் அதை வாங்கி, பிறகு கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. அந்தச் சிற்றூரில் அச்சின் முன்னால் உட்கார்ந்து லக் அடித்தவர்கள் கோவில் சிற்பம் செய்யவில்லை. மேடையில் தினம் அடி வாங்கும் வாத்தியத்துக்கு உதிரிப் பாகம் செய்தார்கள். அது விரிந்ததும் வெட்கப்பட்டு மாற்றினார்கள். அவர்களுக்கு இருந்த தொழில் மரியாதையில் கால் பங்குகூட இன்றைக்கு அவர்கள் பேரைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்களிடம் இல்லை.

டிரம்மின் குரல் எங்கே இருக்கிறது? தோலில். ஷெல்லில், ஷெல்லின் விளிம்பு வெட்டில், அடியில் அதிரும் ஸ்னேர் கம்பிகளில். மேல் தோலின் கனம் பெரும்பாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. அடித் தோல் ஆயிரத்தில் மூன்று பங்குதான். அந்த மெல்லிய ஏடுதான் பேசுகிறது. அதை நாங்கள் சில மாதங்களுக்கு ஒரு தடவை கிழித்தெறிந்து புதுசு போடுகிறோம். 1957-ல் ரெமோ பெல்லி கம்பெனி ஆரம்பித்து பிளாஸ்டிக் தோலை விற்கத் தொடங்கியதும் கன்றுத் தோலை மூட்டை கட்டி வைத்துவிட்டு உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. குரலின் பெரும்பகுதியைச் சுமக்கும் தோலை ஆயிரம் தடவை மாற்றியவர்கள், குரலோடு ஏறக்குறைய எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பித்தளைக் கூட்டை மாற்றினால் டிரம்மே செத்துவிடும் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் 1978 முதல் ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வித்வான்கள் வருவார்கள். ஒரு வருஷம் ஒரு மிருதங்க வித்வானின் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவர் மடியிலிருந்த மிருதங்கத்தின் பலாக் கட்டை அவருடைய குருநாதர் வாசித்தது. வலந்தலை மூட்டு, அதாவது வலப்பக்கத் தோல், எத்தனை தடவை மாறியது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “மூட்டு தேஞ்சா மாத்தறதுதானே? வார் அறுந்தா புது வார் போடறதுதானே?” என்றார். அது குருநாதர் மிருதங்கம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் உலகத்தில் எவனுக்கு உண்டு? நூறு மூட்டு மாறியும் அது குருநாதர் மிருதங்கம். மூன்று லக் மாறினால் ஒரு டைனா-சோனிக் அநாதையாகிவிடுமா?

எதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்று நான் சொல்லவில்லை. எது ஒட்டும், எது ஒட்டாது என்று தெரிந்து கை வைக்க வேண்டும். பித்தளை நல்ல உலோகம், ஈயப்பற்று பிடிக்கும். விரிந்த லக்கைக் கழற்றி, உள்பக்கம் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை வைத்துப் பற்றவைத்தால் வெளியே யாருக்கும் தெரியாது. முன்னைவிடப் பலமாகவும் இருக்கும். ஆனால் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகம் வேறு சாதி. அது சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பித்துவிடும். பற்றவைக்கப் போனால் குரோம் பூச்சு பொசுங்கும், பாகம் கையில் வழியும். அது உடைந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. லுட்விக் சுப்ராஃபோனிக் டிரம்மில் ஸ்னேர் கம்பிகளை ஏற்றி இறக்கும் த்ரோ-ஆஃப் இருக்கிறதே, அதில் பி-85 என்ற மாடலின் கைப்பிடி முறிவது ஊரறிந்த விஷயம். முறிந்த கைப்பிடிக்குத் துணி சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் அறிவேன். பாட்டின் நடுவில் கம்பி தொங்கிப்போய் டிரம் தகர டப்பாபோல ஒலித்தது. புது த்ரோ-ஆஃப் போட அரை மணி நேரம் ஆகாது. பழைய இரண்டு ஓட்டைகளுக்கும் ஒத்துவருகிறதா என்று அளந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஷெல்லில் புது ஓட்டை மட்டும் போடாதே. அந்த ஒன்றுக்குத்தான் மன்னிப்பு இல்லை.

திருகும் அப்படித்தான். அமெரிக்க டிரம்களில் இன்று பெரும்பாலும் 12-24 மரை, அதாவது அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய ஆங்கிலேய டிரம்களின் மரை வேறு. தெரியாமல் மாற்றுத் திருகை முறுக்கி ஏற்றினால் லக்குக்குள் இருக்கும் கொட்டையின் மரை சிதைந்துவிடும். சாயங்காலம் ஒரு பழைய மெக்கானிக்கின் அருகில் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய சங்கதி இது. ஆனால் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே, தொடத் தெரிந்தவர்களை இந்தக் கூட்டம் ஒழித்துவிட்டது. என் ஊரில் டிரம் பழுது பார்க்கும் கடைகள் ஒவ்வொன்றாக மூடியதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது விலை சொல்லும் வாய்கள்தாம் மிச்சம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரிஜினல் லக்குக்கு ஆலாய்ப் பறப்பதால், முழுசாக இருக்கும் நல்ல டிரம்மை வாங்கி, பிரித்து, லக் தனி, வளையம் தனி, பேட்ஜ் தனி என்று கூறு போட்டு விற்கிறார்கள். முழு டிரம்மைவிடக் கூறு போட்டால் காசு அதிகம். அறுபது வருஷம் தாக்குப்பிடித்த ஒரு வாத்தியம், இன்னொரு வாத்தியத்தின் ஒரிஜினல் பட்டத்துக்காகக் கசாப்புக் கடைக்குப் போகிறது. பாதுகாப்பு என்று இவர்கள் சொல்வது இதைத்தான்.

அப்படி என்ன புனிதம் இந்த ஒரிஜினலில்? 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வாசித்தது. ஏழு கோடியே முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் பாஸ் டிரம்மில் லுட்விக் என்ற எழுத்தைப் பார்த்த அமெரிக்கப் பையன்கள் எல்லாருக்கும் மறுநாளே லுட்விக் வேண்டும். சிகாகோ தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. பேட்ஜில் இருக்கும் வரிசை எண்கள் தேதி வரிசைப்படி போடப்படவில்லை. கையில் வந்ததை எடுத்து அடித்தார்கள். இதை வைத்து இந்தத் திருகாணி இந்த மாதத்துத் திருகாணிதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர்களை என்னவென்று சொல்ல? வாத்தியத்தைப் பார்க்கிறார்கள், கேட்பதே இல்லை.

கிதார்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஃபெண்டர் 1995 முதல், புதுக் கிதாரைச் சுரண்டி, தேய்த்து, துருவேற்றி, பழசுபோல ஆக்கி அதிக விலைக்கு விற்கிறது. ஒரு மனிதன் முப்பது வருஷம் மேடையில் வாசித்துத் தேய்த்த தேய்மானத்தை ஒரு வாரத்தில் தொழிற்சாலையில் செய்து கொடுக்கிறார்கள். தழும்பு வேண்டும், ஆனால் வாசித்த கை வேண்டாம். உடைந்த லக்கை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறவனும் புதுக் கிதாரில் பொய்த் தழும்பு வாங்குகிறவனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பட்டி ரிச் 1960களில் ரோஜர்ஸ் வாசித்தவர். உலகத்தில் வேகமான கைகள் என்று பேரெடுத்தவர். கடைசிக் காலத்தில், 1940களில் செய்த ஒரு ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங் டிரம் செட்டை ஒருவர் புதுப்பித்துக் கொடுக்க, அவர் அதை அலமாரியில் வைக்கவில்லை. மேடையில் வைத்து வெளுத்து வாங்கினார்.

நான் மறுபடியும் அந்த மூன்று லக்குகளிடமே வருகிறேன். நான் சொல்வதை நம்பாத ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: ரோஜர்ஸ் ஏன் அதை மாற்றியது? விரிந்ததால். விரிந்ததை மாற்றுவது ரோஜர்ஸுக்குச் சரி என்றால் என் தம்பி மகனுக்கு ஏன் தப்பு? முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. விலையைத்தான் சொல்கிறார்கள். விற்கிறவனுக்கு விலை. என் பையன் விற்க வாங்கவில்லை.

நேற்றிரவு அவனுக்கு ஃபோன் செய்து இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “பெரியப்பா, பழைய மூணு லக்கையும் தூக்கிப் போட வேண்டாம், ஒரு டப்பால போட்டு வெச்சுக்கலாமா?” என்றான்.

“தூக்கிப் போட நான் என்ன பைத்தியமாடா? அந்த மூணையும் பற்றவெச்சுப் பார்ப்போம். நிக்கலைன்னா வேற லக். பழசு டப்பாவுக்குள்ள இருக்கட்டும்” என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறான். ஈயப்பற்றுக் கம்பி வாங்கி வைத்துவிட்டேன். மேல் தோல் புதுசு, அடித் தோல் புதுசு. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.