மூச்சுச் சோதனையும் அரசின் கடமையும்

உடலைக் குத்தாமலும் கீறாமலும் நோயை அறிய வழியுண்டெனில் அதை நாடுவது மருத்துவத்தின் கடமை. ஆயினும் வலியின்மை ஒன்றே ஒரு சோதனையை நம்பத்தக்கதாக்கிவிடாது.

நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 250 சேர்மங்கள் கலந்திருப்பதை 1971இல் லைனஸ் பாலிங் காட்டினார். நீரிழிவு முற்றியோரின் மூச்சில் வீசும் அசிட்டோன் மணத்தை அதற்கும் முந்தைய மருத்துவர்களே அறிந்திருந்தனர். ஆஸ்துமாவால் மூச்சுக்குழாய் அழற்சியுறுங்கால் நைட்ரிக் ஆக்சைடு மிகுவது 1990களில் தெளிவாயிற்று. நூறு கோடிப் பங்கில் 25க்குக் குறைந்தால் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள்சார் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, 50ஐக் கடந்தால் மிகுதி என 2011இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் பெரியவர்களுக்கு வரையறை தந்தது.

அவ்வரையறை நம் மக்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பதே நம் கேள்வி. புகைப்பழக்கம் இவ்வாயுவின் அளவைக் குறைக்கும். கீரையும் பீட்ரூட்டும் கூட்டும். ஒவ்வாமையால் மூக்கொழுகுவோருக்கும் அது ஏறும். விறகுப் புகையில் நாளெல்லாம் சமைக்கும் பெண்ணின் மூச்சைத் தனியே ஆராயாமல் அயலார் அளவுகோலால் அளப்பது முறையன்று.

இத்தகைய ஆய்வுக்குப் புனேயைவிடத் தகுந்த இடம் அரிது. அந்நகரின் மார்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2011 பிப்ரவரி 1ஆம் நாள் ஒரே நாளில், நாடெங்கும் 880 ஊர்களில் மருத்துவரை நாடிய 2,04,912 பேரின் விவரங்களைத் திரட்டியதில், பாதிக்கும் மேற்பட்டோர் மூச்சுத் தொடர்பான குறைகளோடு வந்திருந்தனர். உலகில் ஆஸ்துமாவால் மாண்டோரில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியரே என்பது 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. தேவை இத்துணை பெரிதாயிருக்கையில் விற்பனைக்கு விரைவோரும் பலராகவே இருப்பர்.

விரைவின் விளைவை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். காசநோயைக் கண்டறிவதாகக் கூறிய குருதி எதிர்ப்பொருள் சோதனைகள் தனியார் ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. நோயில்லாதார் மருந்துண்ணவும் நோயுற்றார் மருந்தின்றி வாடவும் அவை இடந்தந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் எச்சரித்த பின்னர், 2012 ஜூனில்தான் நம் அரசு அவற்றைத் தடைசெய்தது. அதற்குள் ஏழையர் செலவிட்ட பணத்துக்குக் கணக்குக் காட்டியவர் எவருமிலர்.

ஆகவே, எந்த மூச்சுச் சோதனைக் கருவிக்கும் உரிமம் வழங்குமுன், புனேயின் சசூன் பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளிடம், அவர்தம் இசைவுடனும் கட்டணமின்றியும் அதனை ஆய்ந்து, முடிவு உற்பத்தியாளர்க்குச் சாதகமாயினும் பாதகமாயினும் வெளியிடுமாறு மைய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டளையிடல் வேண்டும்.