மதிப்பெண் அளக்காத கல்வி

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிக்கு வர மறந்ததை இறைவன் கனவில் நினைவூட்ட, விழித்ததும் ஆற்றைக் கடந்து வந்து சுந்தரர் பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பிழையை உணர்ந்த கணமே திருத்திக்கொள்ளும் அவ்வுள்ளமே கல்வியின் சாரம் என்பேன்.

பங்குனியில் திருமழபாடியில் நிகழும் நந்தி திருக்கல்யாண நெரிசலில், காலடியில் கிடந்த சுருக்குப்பையை, அவிழ்த்துப் பாராமலே, தேடித் தவிக்கும் மூதாட்டியிடம் சேர்ப்பிக்கும் சிறுவனுக்கு எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் இல்லை.

சமய, ஒழுக்கக் கல்வி குறித்து ஆராய 1959-இல் மத்திய அரசு நியமித்த ஸ்ரீபிரகாசா குழு, பள்ளி நாள் சில நிமிட மௌன தியானத்துடன் தொடங்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் இத்தகைய தியானத்தாலோ பாடவேளையாலோ மட்டும் சீலம் விளையாது. தாமதமாக வந்ததற்கு மாணவர்முன் தாமே வருந்தும் ஆசிரியரும், கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சில்லறையைத் திருப்பித் தந்துவரச் சொல்லும் தாயுமே அதற்குரிய பாடநூல்கள்.