ஆய்ந்து பகர்தல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் முன்னோர். 2018-ஆம் ஆண்டில் இம்மொழியின் உண்மையை நம் நாடு பெருந்துயருற்றே உணர்ந்தது.

இருசக்கர வண்டியில் வந்த இருவர், தெருவில் நின்ற சிறுவனைத் தூக்கிச் செல்லும் காணொளி ஒன்று வாட்சப் வழியே ஊரெங்கும் பரவிற்று. ஆராய்ந்தோர் அதன் மூலத்தைக் கண்டனர். அது குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தக் கராச்சி நகரில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனை மீண்டும் கொணர்ந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியிருந்தனர்.

மெய் வெளிப்படுமுன் வதந்தி உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்பு அளித்தார். பிள்ளை பிடிப்பவர் என ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அடித்தோர் தம் மக்களைக் காப்பதாகவே எண்ணினர். ஆராயாத அன்பும் கொடுமையாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டு சூலையில் வாட்சப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. ஆயினும், ஒருவருக்கு அனுப்பினும் பொய் பொய்யே. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது விடையாகாது. யார் கூறியது, எங்கு நிகழ்ந்தது, எப்போது நிகழ்ந்தது என வினவித் தெளிந்த பின்னரே பிறர்க்கு உரைத்தல் கற்றவர் கடன்.